தேங்காய் உடைத்தவரின் மகள்

"உங்கள் குடும்பத்தில் யார் கலைஞர்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். நாட்டியம் என்னவோ மூக்கின் நீளம் மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது போலவும், அப்படி வராதவர்கள் எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்தது போலவும் கேட்பார்கள். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை யாங்கூன் மேடைகளில் ஆடியவள் நான். என் அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். என் அம்மா தெருத்தெருவாக அவித்த பட்டாணி விற்றாள். என்னுடைய கலைப் பரம்பரை அவ்வளவுதான். அது போதாது என்று நினைப்பவர்கள் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் நடைப்பலகையில் ஏறிப் பார்க்கட்டும்.

அந்தப் பலகையை நான் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்டிருப்பார்கள். ஒரு முழ அகலம்கூட இருக்காது. கீழே சேற்று நிறத்தில் ஆறு. ஆள் ஏறியதும் பலகை வளையும், படகு அசைந்தால் துள்ளும். புதிதாக வந்தவர்கள் அதோடு மல்லுக்கு நின்று ஆற்றில் விழுவார்கள். அப்பா விழுந்ததே இல்லை. "பலகை எறங்குறப்ப நீயும் எறங்கு பாப்பா. அது ஏறுறப்ப நீயும் ஏறு. மொழங்கால் மட்டும் வெறைக்கக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி" என்பார். வெற்றிலை போட்ட வாயோடு, இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற மாதிரி சொல்வார்.

அம்மாவின் வித்தை வேறு. விடியற்காலையில் ஆவி பறக்கும் பட்டாணியைப் பெரிய தட்டில் குவித்து, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றினாள் என்றால் பத்துத் தெருவுக்கும் கையே படாது. யாராவது மாடியிலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்பே திரும்பும். "பே-ப்யோ" என்று பர்மியில் அவள் கூவுவது மூன்றாவது மாடிக்குக் கேட்கும். அவ்வளவு பெரிய குரல் கொடுத்தும் தட்டு அசையாது. இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்து நடந்து வந்துவிட்டது.

எங்கள் சந்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய சரக்குக் கிடங்கில் அன்யெய்ன் குழு ஒன்று ஒத்திகை பார்த்தது. அன்யெய்ன் என்பது பர்மியர்களின் கதம்பக் கச்சேரி. ஒரு நடனக்காரி, அவளைச் சீண்டிச் சனங்களைச் சிரிக்கவைக்கும் நாலைந்து கோமாளிகள், ஒரு மேளக்குழு. ஆட்டம், பாட்டு, நையாண்டி, நடுநடுவே சின்னச் சின்ன வித்தைகள். எண்பத்தெட்டில் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் ஊரே கலங்கியபோது இதெல்லாம் நின்றுபோயிருந்தது. நிலைமை அடங்கி, பகோடா என்கிற புத்தர் கோயில்களின் விழாக்களுக்கு மறுபடி மேடை போட ஆரம்பித்தபோது எனக்கு எட்டு வயது.

குழுவை நடத்தியவர் ஒரு காலத்தில் பெரிய நடனக்காரியாக இருந்த அம்மையார். எல்லோரும் அவரை 'டோடோ' என்பார்கள், பர்மியில் பெரியம்மா என்பது மாதிரி. குழு முழுவதும் அம்மாவின் வாடிக்கை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஒருநாள் அம்மா கோமாளிகளோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, மீதிப் பட்டாணியும் தகரக் குவளையும் இருந்த தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, எதிரே ஆடிக்கொண்டிருந்த நடனக்காரியைப் பார்த்து நானும் ஆடினேன். அவள் முழங்காலை மடக்கினால் நானும் மடக்கினேன். அவள் தரையோடு தரையாக உட்கார்ந்து எழுந்தால் நானும் எழுந்தேன். கோமாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டோடோ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தட்டின்மேல் ஒரு கிளாஸ் நிறையத் தேநீரை வைத்துவிட்டு, "இப்ப ஆடு" என்றார். ஆடினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பட்டாணியில் தேநீர் கொட்டியிருந்தால் அம்மா என் முதுகைப் பழுக்கவைத்திருப்பாள் என்ற பயமும் ஒரு காரணம்.

டோடோ எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "ஆடட்டும். விழுந்தாலும் தரையிலதானே விழும், ஆத்துலயா விழப்போவுது?" என்றார். அவருடைய தொழிலில் எல்லா ஆபத்தும் அந்த ஒன்றுதான்.

ஐந்து மெழுகுவத்திகள் எரியும் பித்தளைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவது என் ஆட்டம். ஆறு மாதம் பழகினேன். எங்கள் பகுதிப் பகோடா விழாவில் அரங்கேறவேண்டும் என்று டோடோ முடிவுசெய்தார். அங்கேதான் சிக்கல். விழாக் கமிட்டித் தலைவர் பழைய காலத்து மனிதர். வம்சம் பார்ப்பார். எங்களை மாதிரி இந்திய வம்சாவளியினரைப் பர்மியர் 'கலா' என்பார்கள். சிலர் வாயில் அது வெறும் பெயர், சிலர் வாயில் வசவு. அவர் வாயில் அது எது என்று டோடோவுக்குத் தெரியும். அதனால் டோடோ எனக்கு ஒரு வம்சத்தைச் செய்தார். மண்டலே அரண்மனை நடனக்காரிகளின் வழியில் நாலாவது தலைமுறை. பொன் என்று பொருள்படும் சொல்லில் தொடங்கும் ஒரு பர்மியப் பெயர். முகத்தில் என் நிறம் தெரியாத அளவுக்குத் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்துப் பூச்சு.

வீட்டில் சொன்னபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு தலமொறையா! எனக்கு ரெண்டு தலமொறைக்கு மேல பேரே தெரியாது. அரமணைல நம்ம ஆளு யாராச்சும் இருந்திருந்தா மூட்டதான் தூக்கியிருப்பான்." அம்மா சிரிக்கவில்லை. "மேடைக்குத்தானே. வீட்டுல அவ நம்ம பாப்பாதான்" என்று மட்டும் சொன்னாள்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கமிட்டித் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். நான் ஆடி முடித்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. மண்டலே வம்சத்தைப் பற்றி டோடோ அளந்துகொண்டிருந்த நேரம், வாசலில் அம்மாவின் தட்டு வந்தது. கூட்டத்தைக் கவனிக்காமல் அவள், "பாப்பா, வேர்த்து ஊத்துது பாரு, தொடச்சுக்க" என்றாள் தமிழில். தலைவர் என்னைப் பார்த்தார். "இந்தக் கலாப் பொம்பளைய உனக்குத் தெரியுமா?" என்று பர்மியில் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. டோடோகூட அந்த நேரத்தில் வேறு ஏதாவது பேசிச் சமாளித்திருப்பார். நானாகத்தான் சொன்னேன், அதுவும் உடனே. மேடை கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற ஆசை. அம்மா தட்டை இறக்கி, எல்லோருக்கும் அளந்து கொடுத்தாள். தலைவருக்கும் ஒரு குவளை கொடுத்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரங்கேற்றப் பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விழா நாள் வந்தது. பகோடாவுக்குப் போகும் தெருவை மறித்து மூங்கிலும் பலகையுமாக மேடை போட்டார்கள். அப்பா பகல் முழுக்க லீவு எடுத்துக்கொண்டு பலகை சுமந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மகள் ஆடப்போகிற மேடையின் பலகையை வேறு யாரோ அடித்தால் சரிவராது என்று அவரே வந்துவிட்டார். ஒவ்வொரு பலகையிலும் ஏறிக் குதித்துப் பார்த்தார். துவண்ட இரண்டைக் கழற்றி மாற்றவைத்தார். வெள்ளைச் சட்டையும் புது லுங்கியும் மாற்றிக்கொண்டு மாலையில் மேடைக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். சனங்கள் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா.

மேளக்குழுவின் முன்னால் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மூன்று சீப்பு வாழைப்பழமும் நடுவில் ஒரு தேங்காயும் இருந்தன. மேளக்காரர் தன்னைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருந்த மத்தளங்களுக்குச் சுருதி சேரப் பசை தடவிக்கொண்டிருந்தார். கமிட்டித் தலைவர் வந்து முன்னால் உட்கார்ந்தார். எல்லாம் தயார். அப்பாவின் கண்ணுக்கு ஒன்று மட்டும் தயாராக இல்லை.

தேங்காய் உடைபடாமல் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது எப்படிப்பட்ட உறுத்தல் என்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புது வண்டியா, உடை. தேர் கிளம்புகிறதா, உடை. துறையில் புதிய படகுக்கு முதல் மூட்டை ஏறும்போதுகூட அப்பா தன் கையால் உடைத்திருக்கிறார். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்திருக்கிறார். முதல் ஆட்டம், பெற்ற மகள், உடைக்காத தேங்காய். விறுவிறுவென்று மேடை ஏறினார். கிண்ணத்திலிருந்து தேங்காயை எடுத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். மேடை ஓரத்தில் முட்டுக்கொடுத்திருந்த கல்லில் ஒரே போடு. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. தேங்காய்த் தண்ணீர் மேளக்காரரின் முதல் மத்தளம்வரை தெறித்தது.

இரண்டு மூடியையும் கையில் ஏந்திக்கொண்டு அப்பா சிரித்தபடி நிமிர்ந்தார். சரிபாதியாக உடைந்தால் எங்களுக்கு அத்தனை நல்ல சகுனம்! எதிரே ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

பர்மிய மேடையில் அந்தத் தேங்காய் நாட்டுத் தேவதைகளுக்கானது. அது முழுசாக இருக்கவேண்டும். காம்பு ஒடியாமல், கீறல் விழாமல், நிமிர்ந்து இருக்கவேண்டும். அதை உடைப்பது தேவதையின் மண்டையை உடைப்பது மாதிரி. பர்மாவிலேயே பிறந்து நாற்பது வருஷம் வாழ்ந்த மனிதருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அவர் கூத்து பார்த்ததெல்லாம் கூட்டத்தின் கடைசியிலிருந்துதான். கிண்ணத்தில் இருப்பது முழுசா உடைந்ததா என்று அங்கிருந்து எங்கே தெரியும்?

மேளக்காரர் மடியிலிருந்த துணியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "முழுக் காய் வர்ற வரைக்கும் நான் மத்தளத்தத் தொடமாட்டேன்" என்றார். கமிட்டித் தலைவர் மேடைக்கே வந்துவிட்டார். "யார் இந்தக் கலா? யாரு இவன மேடைல ஏத்துனது?" கேள்வி டோடோவுக்கு. உண்மையைச் சொன்னால் மண்டலே வம்சம் அதோடு முடிந்தது. என் ஆட்டமும் முடிந்தது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சரிகைப் பாவாடை, தலையில் பூ, முகம் நிறையத் தனக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு பர்மியில் சொன்னார். "நான் கூலிங்க. பலகை தூக்க வந்தவன். இங்க எனக்கு யாரையும் தெரியாது."

அந்தத் 'தெரியாது' என்னுடையது. அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று அந்த நொடியில் புரிந்தது. பத்து நாளாக மனதில் வைத்துக்கொண்டு, எனக்குத் தேவைப்பட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு அழுத்தக்காரி பாருங்கள்.

"ஓடு, போய் முழுக் காய் கொண்டா" என்று தலைவர் விரட்டினார். அப்பா ஓடினார். பகோடா வாசலில் காணிக்கைச் சாமான் விற்கும் கடைகள் உண்டு. அவ்வளவு நெரிசலில் கையில் கொண்டுவந்தால் காம்பு ஒடிந்துவிடும் என்று, தலையில் சும்மாடு கட்டி அதன்மேல் தேங்காயை நிறுத்திக்கொண்டு வந்தார். மேடையிலிருந்து பார்த்தேன். சனக் கடலுக்கு மேலே ஒரு தேங்காய் மட்டும், காம்பு நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் மிதந்து வருகிறது. இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. தனக்கா கலைந்தது.

மேளக்காரர் தேங்காயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, திருப்தியாகி, கிண்ணத்தில் வைத்தார். தேவதைகளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு சின்ன வாசிப்பு. அப்பா படி இறங்கி, கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டார்.

அன்யெய்னில் ஒரு வழக்கம் உண்டு. நடனக்காரி ஆடும்முன் கோமாளிகள் அவளைக் கேள்வி கேட்டு வம்புக்கு இழுப்பார்கள். என்னிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் நான் சொல்லவேண்டிய பதில்களும் நூறு தடவை ஒத்திகை பார்த்தவை. ஒல்லிக் கோமாளி முன்னால் வந்தார். அம்மாவிடம் தினமும் ஒரு குவளை வாங்கிவிட்டு இன்னொரு பிடி இனாமாகக் கேட்பவர். "பொன்னுப் பாப்பா, பொன்னுப் பாப்பா, இத்துணூண்டு இருந்துக்கிட்டு இப்படி ஜொலிக்கிறியே, நீ யாரு மகள்?" என்றார்.

மண்டலே என்று தொடங்கவேண்டும். கூட்டத்தின் கடைசியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"இப்ப தேங்கா ஒடச்சாரே, அவருதான் எங்கப்பா" என்றேன். என் குரலா அது! பே-ப்யோ கூவுகிற குரல். "மூணாவது வரிசைல பட்டாணி விக்கிற அம்மா உக்காந்திருக்காங்க. அவங்கதான் எங்கம்மா. அன்னிக்கித் தெரியாதுன்னு சொன்னது பொய்."

டோடோ திரைக்குப் பின்னால் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இப்படி ஒன்று கோமாளியின் ஒத்திகையில் இல்லையே. அந்த ஆள் ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான். "அடேயப்பா! நான்கூட யோசிச்சேன்! நம்ம ஊரு தேவதைக்கு ஒரு முழுக்காய், அவங்க ஊரு சாமிக்கு ரெண்டு மூடி. ரெண்டு கட்சிக்கும் குடுத்தாச்சு. இனிமே இந்தப் பொண்ணு விழணும்னு நெனச்சாலும் விழமுடியாது!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அது எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அவர் அத்தோடு விடவில்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, "அக்கா, நாளைக்கி எனக்கு ரெண்டு பிடி சேத்து" என்றார்.

பிறகு ஆடினேன். ஐந்து மெழுகுவத்திகளும் கடைசிவரை எரிந்தன. முழங்கால் விறைக்கவில்லை. பலகை இறங்கினால் நானும் இறங்கினேன். கழுத்து திரும்பவில்லை. அப்பா சோதித்த பலகை, ஒரு இடத்தில்கூடத் துவளவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் ஆடியதில்லை என்று கூசாமல் சொல்வேன்.

வீட்டுக்கு நடந்தபோது அப்பா உர்ரென்று முன்னால் போனார். "எதுக்குப் பாப்பா சொன்ன? நான்தான் சமாளிச்சுட்டேன்ல?" என்றார். "அம்மாவத் தெரியாதுன்னு சொன்னேன்ல" என்று நான் தெருவிலேயே அழ ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத இன்னுமா வச்சிக்கிட்டிருக்க? நான் அன்னிக்கே பட்டாணியோட சேத்து வித்துட்டேன்" என்றாள். அவள் விற்றிருக்கமாட்டாள். ஆனாலும் அப்படிச் சொன்னாளே, அதுதான் என் அம்மா.

கமிட்டித் தலைவர் அடுத்த வருஷம் எங்கள் குழுவைக் கூப்பிடவில்லை. நகருக்கு வெளியே மாவ்பிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஷ்வேப்யிதாவில் கூப்பிட்டார்கள். டோடோ எனக்கு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மண்டலே வம்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "போட்டாதாங் துறைமுகத்துப் பிள்ளை" என்று அறிவிக்கச் சொன்னார். துறைமுகத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வர, அதுவே நல்ல யோசனை என்று பிறகு சொல்லிக்கொண்டார். அப்பா எல்லா ஆட்டத்துக்கும் காம்போடு ஒரு முழுத் தேங்காய் தலையில் கொண்டுவந்து மேளக்காரர் கையில் கொடுத்தார். இன்னொன்றை வீட்டு வாசலில் உடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பதினான்கு வயதில் ஆட்டத்தை விட்டேன். வளர்ந்துவிட்டேன், படிப்பு இருந்தது. வருத்தமெல்லாம் இல்லை.

துறையில் அதுவரை அப்பாவை 'கலாஜீ', அதாவது பெரிய கலா, என்றுதான் கூப்பிட்டார்கள். அரங்கேற்றத்துக்கு மறுநாள் காலை மேஸ்திரி, "நடனக்காரியோட அப்பா, இந்த மூட்டையப் பிடி" என்றாராம். அதைச் சாதாரண விஷயம் போல அப்பா அம்மாவிடம் சொன்னார், ஒரே சாப்பாட்டு வேளையில் மூன்று தடவை. யாரையும் தெரியாது என்று ஒருநாள் சொன்ன மனிதர், அதற்கப்புறம் பதினெட்டு வருஷம், படகில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் தன் மகளைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வருஷத்தில் பக்கவாதம் வந்து பேச்சு குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதிவு எழுதும் பெண் பேர், வயது எல்லாம் என்னிடம் கேட்டு எழுதினாள். "தொழில்?" என்றாள். நான் சொல்வதற்குள் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்தார். வாய் கோணி, ஒவ்வொரு சொல்லாக, பர்மியில், "நடனக்காரியோட அப்பா" என்றார்.

"தொழில் கேட்டேன் ஊலே" என்றாள் அவள், மாமா என்கிற மாதிரி, மரியாதையாகத்தான்.

அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்படியே எழுதிக்குங்க" என்றேன்.